பலிகடாவா, போக்காடா? ஓர் ஆங்கிலத் தொகைச் சொல்லின் நேர்ப்பொருளும் உருவகப் பொருளும்

தனிச் சொல்லை மொழிபெயர்ப்பது எளிது. தொகைச் சொல்லை மொழிபெயர்ப்பது அரிது. தனிச் சொல்லுக்கு நிகரான சொல் நம்மிடம் இருந்தால் எடுத்தாளலாம். இல்லையேல் புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். தொகைச் சொல்லோ இரண்டு சொற்கள் கூடி, இரண்டிலும் இல்லாத மூன்றாவதொரு பொருளைப் பெற்று நிற்பது. அதன் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்த்து ஒட்டினால் பொருள் நழுவிவிடும். 'பிளாக்மெயில்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கறுப்பு அஞ்சல் என்று பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். அதிலுள்ள 'மெயில்' அஞ்சலே அன்று. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து உழவர்கள் கொள்ளைக் கூட்டத்தாருக்குப் பயந்து கட்டிய வரியைக் குறித்த பழஞ்சொல் அது.

இவ்வாறான தொகைச் சொற்களுள் செய்தித்தாள் படிப்போர் கண்ணில் அடிக்கடி படுவது 'ஸ்கேப்கோட்' என்பது. மேலிருப்பவர் செய்த தவற்றுக்குக் கீழிருப்பவர் தண்டனை பெற்றால், அவரை அச்சொல்லால் ஆங்கிலத்தார் குறிப்பர். நாம் அதனைப் 'பலிகடா' என்று எழுதுகிறோம். செய்தியிலும் மேடையிலும் மாணவர் கட்டுரையிலும் இதுவே வழக்காகிவிட்டது. கேட்பதற்குப் பொருத்தமாகவும் தோன்றுகிறது. அங்கும் ஆடு, இங்கும் ஆடு. அங்கும் துன்பம், இங்கும் துன்பம்.

ஆனால் அந்த ஆடு வேறு, இந்த ஆடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதால் ஆங்கிலச் சொல்லில் இருந்த ஒரு முதன்மையான பொருள் தமிழில் காணாமற் போயிற்று. போனது சொல்லழகு மட்டுமாயின் இத்தனை பேச்சு வேண்டியதில்லை. 'குற்றம் யாருடையது?' என்னும் வினாவே அச்சொல்லோடு போய்விட்டது. அதனை மீட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு ஆடுகள்

இச்சொல்லின் பிறப்பிடம் விவிலியத்தின் பழைய ஏற்பாடு. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில், ஆண்டுக்கொரு முறை இசுரவேலர் நடத்த வேண்டிய பாவநிவாரண நாளின் சடங்கு விரித்துக் கூறப்படுகிறது. தலைமைக் குரு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவார். எந்த ஆட்டுக்கு எந்த முடிவு என்பதை அறியச் சீட்டுப் போடுவார். ஒரு சீட்டு இறைவனுக்கு; மற்றொன்று 'அசாசேலுக்கு'.

இறைவனுக்கென்று சீட்டு விழுந்த ஆடு கொல்லப்படும். அதன் குருதி திருவிடத்தில் தெளிக்கப்படும். அதுவே பலி.

மற்ற ஆடு உயிரோடு நிற்கும். குரு தம் இரு கைகளையும் அதன் தலைமேல் வைத்து, மக்கள் செய்த குற்றங்கள் அனைத்தையும் வாய்விட்டுச் சொல்லி, அவற்றை அந்த ஆட்டின் தலைமேல் ஏற்றுவார். பிறகு அதற்கென்று அமர்த்தப்பட்ட ஓர் ஆள் அதனை ஓட்டிச் சென்று, ஆளில்லாத பாலைவெளியில் விட்டுவிடுவான். ஓட்டிச் சென்றவனும் தன் ஆடையைத் துவைத்து உடலைக் கழுவிய பின்னரே மீண்டும் பாளையத்துக்குள் வரலாம். ஊராரின் குற்றம் அந்த ஆட்டின்மீது அவ்வளவு உண்மையாக ஏறியிருக்கிறது என்பது எண்ணம்.

ஆங்கிலத்தார் 'ஸ்கேப்கோட்' என்பது இந்த இரண்டாவது ஆட்டை. நாம் 'பலிகடா' என்பதோ முதலாவது ஆட்டை! ஒரே சடங்கில், ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு ஆடுகளுள், மொழிபெயர்ப்பில் நாம் பிடித்தது மற்றதை.

பிற்காலத்தில் இந்த இரண்டாவது ஆடும் சாவுக்குத் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எருசலேமின் கோவில் கி.பி. 70இல் அழிவதற்கு முன் இருந்த வழக்கத்தை யூதரின் மிஷ்னா நூல் விவரிக்கிறது. அதன்படி அந்த ஆட்டை ஒரு செங்குத்தான பாறைக்குக் கொண்டுபோய்ப் பின்புறமாகத் தள்ளிவிட்டனர். ஊராரின் பாவத்தோடு அது திரும்பி வந்துவிடக் கூடாதே என்னும் அச்சம் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் அதன் குருதி பீடத்தில் தெளிக்கப்படவில்லை. அது இறைவனுக்குப் படைக்கப்படவில்லை. பலியாவதற்குத் தூய்மை வேண்டும். இந்த ஆடோ அழுக்கைச் சுமந்தது. ஒன்று படையல், மற்றொன்று கழிவு. இரண்டும் இறக்கலாம், இரண்டும் ஒன்றாகா.

சொல் பிறந்த வரலாறு

'அசாசேல்' என்னும் எபிரேயச் சொல்லின் பொருள் தெளிவானது அன்று. அது பாலையில் உறையும் ஒரு தீய ஆவியின் பெயர் என்பார் உளர். 'ஏஸ்' என்றால் ஆடு, 'ஆசல்' என்றால் போதல். ஆகவே 'போகும் ஆடு' என்பதே பொருள் என்று பிரித்தாரும் உளர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'அனுப்பப்படுவது' என்னும் கருத்தை மேற்கொண்டது. இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'அனுப்பிய ஆடு' என்று எழுதினார். பிரெஞ்சு மொழியில் இன்றும் வழங்கும் 'பூக் எமிசேர்' என்பது அந்த இலத்தீனின் வழி வந்தது.

ஆங்கிலத்தில் இச்சொல்லை ஆக்கியவர் வில்லியம் டின்டேல். 1530இல் அச்சான அவருடைய மொழிபெயர்ப்பில் இது முதன்முதலாக வருகிறது. 'எஸ்கேப்' என்பதன் முதற்குறையான 'ஸ்கேப்' என்பதையும், 'கோட்' என்னும் ஆட்டையும் இணைத்து அவர் அமைத்த தொகை இது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பும் அதனையே ஏற்றுக்கொண்டதால், நாடெங்கும் பரவி நிலைத்துவிட்டது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் 'அசாசேல்' என்றே இருக்கிறது. ஆனால் அதற்குள் இந்தச் சொல் வேதநூலை விட்டு வெளியேறி வீதிக்கு வந்துவிட்டிருந்தது.

செருமானியர் இதற்கு வழங்கும் தொகைச் சொல் 'சுண்டன்போக்'. நேர்ப்பொருள் 'பாவ ஆடு'. பிரெஞ்சுச் சொல் ஆட்டின் பயணத்தைப் பார்க்கிறது. செருமானியச் சொல் அதன் சுமையைப் பார்க்கிறது. ஆங்கிலச் சொல்லோ அது தப்பியதைப் பார்க்கிறது. ஒரே ஆட்டை மூன்று மொழிகள் மூன்று பக்கத்திலிருந்து நோக்கின.

தமிழ் எங்கிருந்து நோக்கிற்று? தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஆட்டுக்கு அருமையான ஒரு பெயர் இருக்கிறது. அது 'போக்காடு'. போக்கு என்னும் குற்றியலுகரச் சொல், ஆடு என்பதோடு புணர்ந்து போக்காடு ஆயிற்று. வினைத்தொகையாகக் கொண்டால் இதன் சிறப்பு விளங்கும். போக்குதல் என்பது அனுப்பி வைத்தலையும் குறிக்கும், நீக்குதலையும் குறிக்கும். ஊரார் பாலைக்குப் போக்கிய ஆடு என்றும் விரிக்கலாம். ஊராரின் பாவத்தைப் போக்கும் ஆடு என்றும் விரிக்கலாம். காலம் கரந்து நிற்கும் தமிழ்த் தொகையில் ஆட்டின் பயணமும் அதன் பணியும் ஒருங்கே அடங்கின. மூலமொழியின் ஐயத்தை ஆங்கிலத்தைவிடத் தமிழ் அழகாகத் தீர்த்தது எனலாம்.

அவ்வாறிருந்தும் போக்காடு கோவில் வாசலைத் தாண்டவில்லை. 'சாக்காடு' என்பதைப் போல ஒலிப்பதால் உள்ளே ஓர் ஆடு இருப்பதே படிப்போருக்குப் புலப்படுவதில்லை போலும். உருவகமாக வளர வேண்டுமானால் சொல் கண்முன் ஒரு காட்சியைக் காட்ட வேண்டும். போக்காடு காட்டவில்லை, பலிகடா காட்டிற்று. வெட்டரிவாளும் மாலையும் மஞ்சள் நீருமாக நம் ஊர்க் காவல் தெய்வத்தின் முன் நிற்கும் கடாவை அறியாதார் யார்? ஆகவே அறிந்த ஆடு அறியாத ஆட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நேர்ப்பொருளிலிருந்து உருவகத்துக்கு

பிறர் குற்றத்துக்குப் பழி சுமப்பவர் என்னும் உருவகப் பொருளுக்கு அகராதிகள் 1824ஆம் ஆண்டு முதல் ஆட்சி காட்டுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இது வினைச்சொல்லாகவும் வழங்கத் தொடங்கிற்று. இதற்கிடையே ஜேம்ஸ் பிரேசர் என்னும் அறிஞர் தம் 'பொற்கிளை' நூல்வரிசையில் ஒரு முழுத் தொகுதிக்கே இச்சொல்லைத் தலைப்பாக்கினார். 1913இல் வெளிவந்த அத்தொகுதியில், தீமையை வேறோர் உயிரின்மேல் ஏற்றி விரட்டும் வழக்கங்களை உலகெங்கும் தேடித் தொகுத்தார். நீலகிரிப் படகர்களின் இறுதிச் சடங்கும் அதில் இடம்பெற்றது. இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஓர் எருமைக் கன்றின்மேல் ஏற்றி, அதனை அவிழ்த்து விடுவர் என்று 19ஆம் நூற்றாண்டு நூல்கள் குறித்துள்ளன. அக்கன்றைப் பிறகு எவரும் வேலைக்குப் பூட்டார். பலியல்லாத போக்காட்டுக்கு இஃது ஏற்ற சான்று.

இனி நேர்ப்பொருளையும் உருவகப் பொருளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டு முரண்கள் தென்படும்.

முதலாவது முரண் சொல்லிலேயே இருக்கிறது. நேர்ப்பொருளில் இது தப்பிய ஆடு. உருவகத்திலோ தப்ப முடியாமல் மாட்டிக்கொண்ட மனிதன். தப்பியவர் யார்? உண்மையாகவே குற்றம் செய்தவர். பெயர் ஆட்டுக்கும், பேறு மற்றவருக்கும் என்றாயிற்று.

இரண்டாவது முரண் இன்னும் ஆழமானது. பழைய சடங்கில் குரு மறைத்தது ஒன்றுமில்லை. 'இவை எங்கள் குற்றங்கள்' என்று ஊரறியச் சொல்லித்தான் ஆட்டின்மேல் ஏற்றினார். ஆடு ஏதும் அறியாதது என்பது கூடியிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். இன்றைய உருவகத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. குற்றம் செய்தவர் அதனை ஒப்புக்கொள்வதில்லை. 'குற்றம் இவனுடையதே' என்று சாதிக்கிறார். ஊரும் அதனை நம்ப வேண்டும். நம்பினால்தான் காரியம் நடக்கும். பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் 1982இல் இச்சொல்லையே தலைப்பாக்கி எழுதிய நூலில் வற்புறுத்தும் கருத்தும் இதனோடு ஒட்டியது. தாம் ஒருவன்மேல் பழி ஏற்றியிருக்கிறோம் என்பதைக் கூட்டம் தானே உணர்வதில்லை. அவன் குற்றவாளி என்றே மெய்யாக நம்புகிறது என்பது அவர் துணிபு.

ஆகவே உருவகப் பொருளின் உயிர்நிலை துன்பம் அன்று, சாவும் அன்று. ஒருவர் குற்றம் மற்றொருவர் தலைக்கு இடம் மாறுவதே அதன் உயிர்நிலை.

இதற்குப் பிரான்சு நாட்டு டிரைபஸ் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. படைத்துறையின் மறைபொருள்களைச் செருமானியருக்கு விற்றதாக, யூதரான கேப்டன் ஆல்பிரட் டிரைபஸ் 1894இல் தண்டிக்கப்பட்டார். 1895 சனவரி 5இல் படையினர் முன்னிலையில் அவருடைய சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. பிறகு கடல் கடந்து தென் அமெரிக்கக் கரையோரத்துப் பேய்த்தீவுக்கு அனுப்பப்பட்டார். உண்மையில் காட்டிக் கொடுத்தவன் எஸ்டர்ஹாசி என்னும் வேறோர் அதிகாரி என்பதற்கு 1896இலேயே சான்று கிடைத்தும் மேலிடம் அதனை மூடி மறைத்தது. எழுத்தாளர் எமில் சோலா 1898 சனவரி 13இல் செய்தித்தாளில் பகிரங்கக் கடிதம் எழுதி, பொறுப்பாளர்களைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார். 1906இல் டிரைபஸ் குற்றமற்றவர் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவர் கொல்லப்படவில்லை, 1935 வரை வாழ்ந்தார். அவரைப் 'பலியானவர்' என்றால் பொருள் முழுமை பெறாது. தலைமேல் கைவைத்துப் பிறர் குற்றத்தை ஏற்றி, ஆளில்லாத வெளிக்கு ஓட்டப்பட்டவர் அவர். எழுத்துக்கு எழுத்து அவர் போக்காடு.

பழி சுமந்தவர் எள்ளளவும் குற்றமில்லாதவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்த தளபதி பெர்சிவலின் பெயரோடு இச்சொல்லை இணைத்துப் பேசுவோர் உண்டு. படை நடத்தியதில் அவர் செய்த பிழைகளை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. ஆனால் போதிய விமானமும் டாங்கியும் மலாயாவுக்கு வராமற் போனதற்கு அவர் பொறுப்பாளர் அல்லர். அது இலண்டனில் முடிவானது. தம் பங்குக்கு மேல் ஒருவர் சுமக்கிறாரா என்பதே இச்சொல் எழுப்பும் வினா. இங்கு 'பலிகடா' என்று எழுதினால் அந்த நிறுவை முழுதும் மறைந்து, இரக்கம் மட்டுமே எஞ்சும்.

பலி வேறு, பழி வேறு

தமிழில் இவ்வேற்றுமையைக் காட்டுவதற்கு வேற்றுமொழியை நாட வேண்டியதே இல்லை. பலி, பழி என்னும் இரண்டு சொற்களும் நம் கையில் ஆயத்தமாக உள்ளன.

பலி என்பது படையல். பூவும் சோறும்கூடப் பலியே. கோவில்களில் கொடிமரத்தின் அருகில் இருக்கும் பலிபீடத்தில் இன்றும் சோறும் பூவுமே இடப்படுகின்றன. இரந்து பெறும் உணவையும் பலி என்று பக்தி இலக்கியம் வழங்கிற்று. ஆகவே பலியில் கொடுப்பவர் உண்டு, பெறுபவர் உண்டு, வேண்டுதல் உண்டு. குற்றம் மட்டும் கட்டாயம் இல்லை. பலியிடப்படும் கடாவை எவரும் ஏசுவதில்லை, மாலையிட்டுக் கும்பிடுகிறார்கள்.

பழி என்பதோ முற்றிலும் குற்றத்தைச் சார்ந்த சொல். பழி சுமத்துதல், பழி போடுதல், பழிக்கு அஞ்சுதல் என்று அது வரும் இடமெல்லாம் 'செய்தவன் யார்?' என்னும் வினா உடன் வரும். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பது நம் பழமொழி. ஆங்கிலத் தொகைச் சொல்லின் உருவகப் பொருளை இந்த நான்கு சொல் முழுமையாகச் சொல்லிவிடுகின்றன. பாவம் செய்தவர் ஓரிடத்தில் இருக்க, பழி வேறோரிடத்தில் போய் விழுந்தது என்பதே அதன் பொருள்.

பேச்சில் ழகரம் ளகரமாகவும் லகரமாகவும் குழைந்துபோன காரணத்தால், பலி, பழி என்பவற்றின் எல்லைக்கோடு நம் காதில் அழிந்துவிட்டது. ஒலி வேறுபாடு போனால் பொருள் வேறுபாடும் பின்னாலேயே போய்விடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இரண்டுக்கும் உள்ள தொலைவைச் சிலப்பதிகாரம் ஒரே கதையில் காட்டுகிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். தன் களவு வெளிப்படும் முன், சிலம்பு விற்க வந்த புதியவனான கோவலன்மேல் அதனை ஏற்றினான். மன்னன் ஆராயவில்லை, கோவலன் வெட்டுண்டான். இங்கே நடந்தது கொலை. ஆனால் பலி அன்று. தெய்வம் எதற்கும் கோவலனைப் படைக்கவில்லை. பொற்கொல்லனின் பாவம் கோவலனின் பழியாயிற்று. கண்ணகி மன்றேறி வழக்குரைத்ததும் கணவன் இறந்ததற்காக மட்டும் அன்று. கள்வன் என்னும் பழி அவன்மேல் நிற்கலாகாது என்பதற்காக. கோவலனைப் பலியானவனாக மட்டும் கொண்டால் அவளுக்கு அழுகை போதும். பழி சுமந்தவனாகக் கண்டதால்தான் நீதி கேட்டாள்.

அக்காப்பியத்திலேயே மற்றோர் இடம் உண்டு. பலரும் விரைந்து கடந்துவிடும் இடம். மதுரை எரிந்த பின்னர், கொற்கையிலிருந்து வந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், பத்தினித் தெய்வத்துக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று காப்பியம் கூறுகிறது. நாட்டில் மழை பெய்து நோய் நீங்கிற்று என்றும் சொல்கிறது. படையல் என்ற வகையில் இது பலி. ஒரு பொற்கொல்லன் செய்த களவுக்கு அக்குலத்தார் ஆயிரவர் தலைகொடுத்த வகையில் இது பழி. இரண்டு ஆடுகளும் இங்கே ஒன்றாகிவிட்டன. ஒரு குலத்தின்மேல் குற்றத்தை ஏற்றி அதனைத் தெய்வத்தின் பெயரால் தீர்த்துக்கொள்ளும்போது எத்தகைய கொடுமை நேரும் என்பதை, இரு சொற்களையும் வேறுபடுத்தி அறிந்தவரே காண்பர்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'வழக்கே வலியது; ஊர் ஏற்றுக்கொண்ட சொல்லை இப்போது மாற்றுவானேன்? ஆங்கிலச் சொல்லே பிறந்த பொருளில் நிற்கவில்லையே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது என்பதை நாமும் ஒப்புகிறோம். லேவியராகமத்தில் இப்படி இருக்கிறது என்பதற்காக மட்டும் பலிகடாவை விலக்கச் சொன்னால் அது வெறும் பண்டிதப் பிடிவாதமாகும்.

நம் வாதம் பிறப்பைப் பற்றியது அன்று, பயனைப் பற்றியது. 'ஸ்கேப்கோட்' என்று படித்த ஆங்கில வாசகர், 'அப்படியானால் உண்மைக் குற்றவாளி யார்?' என்று கேட்பார். அந்தச் சொல் அவரைக் கேட்க வைக்கிறது. 'பலிகடா' என்று படித்த தமிழ் வாசகர், 'ஐயோ பாவம்' என்பார். அத்தோடு செய்தித்தாளை மடித்து வைப்பார். ஒரு சொல் விசாரணையைத் தொடங்குகிறது, மற்றது முடித்துவிடுகிறது.

மேலும், பலிகடாவை முற்றிலும் விலக்கச் சொல்லவும் இல்லை. அதற்கு உரிய இடம் உண்டு. தலைவன் ஒருவனின் புகழாசைக்காக வெல்ல முடியாத போருக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் பலியாடுகளே. அவர்கள்மேல் எவரும் குற்றம் சாட்டவில்லை. பிறர் ஆதாயத்துக்காகப் படைக்கப்பட்டார்கள். பிறருடைய திட்டத்தில் நகர்த்தப்படுபவர் பகடைக்காய். புதிய மருந்தின் தீங்கை முதலில் தாங்குபவர் சோதனை எலி. பிறர் குற்றத்துக்குத் தண்டிக்கப்படுபவர் மட்டுமே நாம் இங்கே பேசும் ஆடு. நான்கு நிலைகளுக்கும் பலிகடா என்னும் ஒரே சொல்லை வழங்கினால், நான்கு வகை அநீதிகளையும் வேறு பிரித்து அறியும் ஆற்றலை நாம் இழப்போம்.

எவ்வாறு எழுதலாம்?

போக்காடு என்பதை மீட்டெடுக்கலாம். ஆயினும் விளக்கம் இல்லாமல் அது இன்றைய வாசகருக்கு எட்டாது. செருமானியரைப் பின்பற்றிப் 'பழியாடு' எனலாம். எழுத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் வானொலியில் கேட்பவருக்குப் 'பலியாடு' என்றே விழும். சுமைதாங்கி, இடிதாங்கி என்பவற்றின் வழியில் 'பழிதாங்கி' என்று ஆக்கலாம். அமைப்பு தமிழுக்கு இயல்பானது. எனினும் தாங்குவதில் ஓர் இசைவு இருக்கிறது. சுமைதாங்கிக் கல் அதற்கென்றே நாட்டப்பட்டது. பழி ஏற்றப்பட்டவரோ இசைந்து நிற்பவர் அல்லர்.

நன்கு ஆராய்ந்தால் புதிய பெயர்ச்சொல்லே வேண்டுவதில்லை. 'பழியை அவன் தலையில் கட்டினார்கள்' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இத்தொடர் எந்த வேதநூலிலிருந்தும் வந்தது அன்று. ஆயினும் தலைமேல் கைவைத்துக் குற்றத்தை ஏற்றிய அந்தக் குருவின் செய்கையை அப்படியே கண்முன் நிறுத்துகிறது! தொகைச் சொல்லுக்குத் தொகைச் சொல்தான் நிகராக வேண்டும் என்று யார் விதித்தார்? ஆங்கிலம் ஒரு பெயரில் அடக்கியதைத் தமிழ் ஒரு வினைத்தொடரில் விரித்துச் சொல்லுமாயின் அதுவே நேரிய மொழிபெயர்ப்பு.

இத்தொடருக்கு மற்றொரு நலமும் உண்டு. 'எழுத்தர் பலிகடா ஆக்கப்பட்டார்' என்னும் வாக்கியத்தை நோக்குக. செயப்பாட்டு வினை, ஆக்கியவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இலக்கணமே குற்றவாளிக்கு ஒளிய இடம் கொடுத்துவிட்டது. இனி, 'எழுத்தர் தலையில் பழியைக் கட்டினர்' என்று எழுதிப் பாருங்கள். கட்டினர் என்றவுடன் எழுவாய் எங்கே என்று வாக்கியம் கேட்கிறது. மேலாளரா? அமைச்சரா? குழுவினரா? எழுதுபவர் விடை தேடியாக வேண்டும். தேடாமல் விட்டால் படிப்பவர் தேடுவார்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாகவே நடத்தலாம். 'பலிகடா' வரும் செய்தி வாக்கியங்களை மாணவர் திரட்டட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வினாக்களை எழுப்பட்டும்: இவர்மேல் குற்றம் சாட்டப்பட்டதா? சாட்டியவர் அக்குற்றத்தில் பங்குடையவரா? இரண்டுக்கும் ஆம் என்பது விடையானால், பழி என்னும் சொல்லை வைத்து, எழுவாயோடு வாக்கியத்தைத் திருத்தி எழுதட்டும். இயன்றால், ஹோல்மன் ஹண்ட் என்னும் ஆங்கில ஓவியர் சாக்கடற் கரையில் தொடங்கி 1856இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தையும் காட்டலாம். உப்புப் படிந்த கரையில், கொம்பில் செந்நூல் சுற்றி, கால் தள்ளாடி நிற்கும் ஆடு அதில் இருக்கிறது. பீடமும் இல்லை, கத்தியும் இல்லை. வெகுதொலைவில் மலைகள் இருக்கின்றன. மனிதர் ஒருவரும் இல்லை. மாணவர் அந்த ஆட்டைக் கண்டு இரங்குவது இயல்பு. அதனை அங்கே ஓட்டிவிட்டுப் போனவர்கள் எங்கே என்று அவர்கள் கேட்பார்களானால், சொல்லின் பொருளை அறிந்தவர் ஆவர்.